நெய் தொடாத தொந்தி

அந்த மலையடிவார மடத்தில் சமையலும் சன்னிதி நெய்விளக்கும் தணிகாசலத்தின் பொறுப்பு. விளக்கு ஏற்றுகிறவன் நாக்கில் நெய் படக்கூடாது என்பது அங்கே விரதம். தணிகாசலம் விரதத்தை விடவில்லை. தொந்திதான் அவனை விடவில்லை. வேட்டி முடிச்சு நிற்க இடமில்லாமல் திண்டாடியது.

"நெய் ஜாடிக்குள்ள தலையை விட்டுட்டு வந்து விரதமாம்!" என்று மற்ற சீடர்கள் சிரித்தார்கள். ஒருநாள் காலை அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு குரு சுடர்க்கொடி அம்மையின் முன் வந்து நின்றான்.

"திருடன்னு பேர் வாங்கிட்டு இங்க இருக்க மாட்டேன், தாயே. சத்தியமா நான் நெய்யைத் தொடலை."

"பின்ன என்னதான் சாப்பிடுற?"

"பந்தியில மிஞ்சின சோறு, மிஞ்சின பானகம். மடத்துல எதையும் வீசக்கூடாதே. யாருக்கும் பத்தாமப் போயிடக் கூடாதுன்னு எப்பவும் ரெண்டு படி கூடவே போடுவேன்."

"அதுல நெய் உண்டா?"

"ஒரு சொட்டு கிடையாது. வெறும் சோத்துல கொழுப்பு எங்கேருந்து வரும், தாயே?"

அம்மை, மாமரத்தில் புதிதாக வந்து இறங்கியிருந்த தேனீக் கூட்டத்தை ஒரு வெறும் பானைக்குள் இறக்கி, வாயை மெல்லிய துணியால் கட்டச் செய்தார்.

"தினமும் சர்க்கரைத் தண்ணி மட்டும் வை. வேற எதுவும் உள்ளே போகக் கூடாது. நான் பானையைத் திறக்கிற வரைக்கும் உன் மூட்டை இங்கேயே கிடக்கட்டும்."

சில நாள் கழித்துத் துணியை அவிழ்த்தார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு தேனடை தொங்கியது. அம்மை அதில் ஒரு துண்டைக் கிள்ளி உருக்கி, காலி அகலில் ஊற்றித் திரி போட்டு ஏற்றினார். சுடர் அசையாமல் எரிந்தது. சிரித்த சீடர்கள் அகலைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள்.

தணிகாசலம் பானைக்குள் எட்டிப் பார்த்தான். "சர்க்கரையும் தண்ணியும்தானே வெச்சேன்! இந்த மெழுகு எப்படி வந்துச்சு?"

பானையடியில் செத்துக் கிடந்த ஒரு தேனீயை எடுத்து அம்மை மல்லாத்திக் காட்டினார். வயிற்று மடிப்பில் மெழுகுச் செதில் ஒட்டியிருந்தது.

அவன் தன் தொந்தியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவனைப்போல் பார்த்தான். மெல்ல அதன்மேல் கை வைத்தான்.

"அப்போ இந்தக் கொழுப்பும் வெறும் சோத்துல வந்ததுதானா, தாயே?"

அம்மை அவன் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார்.

"ஆமாப்பா. மிஞ்சினதை வீசக்கூடாதுங்கிற நம்ம மடத்து விதியை உன் உடம்பும் மீறலை."