சல்சா ஆட்டத்தில் நான்காம் தட்டு ஏன் சும்மா இருக்கிறது

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. கேட்கும் பழக்கம்தான் ஒருவருக்கும் இல்லை. இந்தக் கதை முழுக்க அதனால் வந்த வினைதான்.

மேற்கே பல கடல்களுக்கு அப்பால், கரும்பு விளையும் ஒரு தீவு. அதன் கரைக்கு ஆண்டுதோறும் ஓர் ஆமை முட்டையிட வரும். முந்தின ஆண்டு அது இட்டதில் ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. கரும்புக் காட்டு எலி அத்தனையையும் தோண்டித் தின்றுவிட்டது. அதற்கு முந்தின ஆண்டும் அப்படித்தான். இந்த முறை ஆமை கரையேறியதுமே வாய்விட்டு அழுதது.

"எனக்கு இதுதான் கடைசி முட்டை ஈடு. இனிமே உடம்பு தாங்காது. நான் குழியை மூடிட்டுக் கடலுக்குப் போற வரைக்கும் யாராச்சும் காவல் நில்லுங்களேன்."

எல்லோருக்கும் மனம் இளகிவிட்டது. மரங்கொத்திதான் வழி சொன்னது. "ஆமையக்காவைச் சுத்தி வட்டமா நின்னு ஆடுவோம். இடைவெளி இல்லாம ஆடினா எலி உள்ளே நுழைய முடியாது. மிதிச்சு மிதிச்சு மணலும் இறுகிடும். குழி எங்கேன்னே தெரியாது."

நல்ல யோசனை. அதை அப்படியே செய்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலையே இருந்திருக்காது.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. மரங்கொத்தி தென்னை மரத்தில் நான்கு நான்கு தட்டாகக் கொத்தியது. கழுதை ஒரு பொந்து மரத்தைக் குளம்பால் உதைத்து முரசாக்கியது. இரண்டாம் தட்டில் மட்டும் கொஞ்சம் பலமாக உதைப்பது அதன் வழக்கம். பன்றி, அதன் குட்டிகள், ஆடு, வாத்து, சேவல், பூனை, இன்னும் பல பிராணிகள் எல்லாம் வட்டமாக நின்று நான்கு தட்டுக்கும் நான்கு மிதி மிதித்தன. நடுவில் ஆமை குழி பறித்து முட்டையிடத் தொடங்கியது. தொடங்கிவிட்டால் முடியும் வரை ஆமையால் நகர முடியாது.

பாதி முட்டை விழுந்திருக்கும். சேவல் நின்று பூனையை முறைத்தது.

"ஏய், காலைத் தாமதமா வீசுறே. முதல் தட்டுல முன்னே போகணும். பாட்டு தொடங்குற இடத்துல கால் தொடங்காம வேற எங்கே தொடங்கும்?"

பூனை மீசையைத் தடவிக்கொண்டது. "முதல் தட்டுல எவனும் குதிப்பான் சேவலண்ணே. கழுதை உதைக்கிறது ரெண்டாவதுல. முரசு கூப்பிடும்போது முன்னே போறதுதான் ஆட்டம். அதுக்குக் காது வேணும்."

"யாருக்குக் காது இல்லே?"

"ஆடுறதைப் பார்த்தாலே தெரியுதே."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதுதான் எரிச்சலே. ஒருவர் தப்பாக இருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்து உட்கார வைத்துவிடலாம். இரண்டு பேரும் சரியாக இருந்தால் யாரை என்ன செய்வது?

"சண்டையை நாளைக்கு வச்சுக்குங்கடா!" என்று மரங்கொத்தி கத்தியது. யார் கேட்டார்கள்?

சேவல் ஆட்டையும் வாத்தையும் வட்டத்திலிருந்து இழுத்து நேர்கோட்டில் நிறுத்தியது. கோடாக நின்றால்தான் யார் தப்புப் போடுகிறார்கள் என்று தெரியுமாம். "ஒண்ணுல வை! ஒண்ணுல வை!" என்று கூவியது. உடனே பூனையும் தன் பங்குக்கு மிச்சமிருந்தவர்களைப் பிரித்து இன்னொரு கோடு போட்டது. "ரெண்டுல! ரெண்டுல!" பழைய இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது பன்றியும் அதன் குட்டிகளும் மட்டும். வட்டத்தில் பன்றி ஒன்று தாராளமாகப் போய்வரும் அளவுக்கு ஓட்டை. எலிக்குக் கேட்கவா வேண்டும்?

எலி உள்ளே வந்தது. ஆமையின் பின்னங்காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பறித்தது.

"திருடன்! திருடன் வந்துட்டான்!" என்று ஆமை அலறியது. "எம் புள்ளைங்களைத் தின்னுறான்!"

ஒருவருக்கும் கேட்கவில்லை. எலியைப் பிடிக்க வேண்டிய பூனை, சேவலின் கோட்டில் நின்ற ஆட்டின் கால் எந்தத் தட்டில் விழுகிறது என்று திருத்திக்கொண்டிருந்தது. அதை எங்கே போய்ச் சொல்வது!

மரத்தின் மேலிருந்து மரங்கொத்தி மட்டும் பார்த்தது. கத்திப் பயனில்லை என்று அதற்கு முன்னமே தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று கொத்தியது. நான்காவதைக் கொத்தாமல் அலகை நிறுத்திக்கொண்டது.

தட்டு வராததால் கழுதையின் குளம்பு உட்பட எல்லோர் காலும் அந்தரத்தில் நின்றது. என்ன ஆயிற்று என்று புரியாமல் வாயும் தானாக மூடிக்கொண்டது. அந்த அமைதியில்தான் மணல் பறிக்கும் சத்தம் கேட்டது. கூடவே ஆமையின் அழுகையும்.

சேவலும் பூனையும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. முதல் தட்டா இரண்டாம் தட்டா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. எலி ஓடிவிட்டது. குழியின் ஓரத்தில் நாலைந்து முட்டை ஓடுகள் கிடந்தன. மற்றவை தப்பின.

ஆமை அந்த ஓடுகளைத் துடுப்புக் காலால் ஒதுக்கியது. "உங்க ஒண்ணையும் ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க. வட்டமா ஆடுங்க, கோடா ஆடுங்க, எப்படியோ தொலைங்க. ஆனா மூணு மிதி மிதிச்சதும் நாலாவதுல காலையும் வாயையும் சும்மா வைங்க. மண்ணுக்குள்ளே எம் புள்ளைங்க பத்திரமா இருக்குதான்னு காது குடுத்துக் கேளுங்க. இது ஒண்ணையாவது செய்வீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டு எல்லோரும் சரி என்றார்கள். ஆமை குழியை மூடிக் கடலுக்குப் போனது; மறுபடி அது கரையேறவில்லை. முட்டை பொரியும் வரை தினமும் சாயங்காலம் ஆட்டம் நடந்தது. கடைசியில் ஒரு நாள், நான்காம் தட்டின் அமைதியில், மண்ணுக்கடியில் ஓடு உடையும் சத்தம் கேட்டது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வந்து கடலைப் பார்த்து ஓடின. சேவல் அழுதுவிட்டது. பூனையும்தான்.

சரி, திருந்திவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். மறுநாளே சேவல் ஆரம்பித்துவிட்டது. "இருந்தாலும் ஒண்ணுலதான் வைக்கணும்." கரும்பு வெட்ட வந்த மனிதர்கள் இவர்களைப் பார்த்துத்தான் ஆடப் பழகினார்கள். ஆட்டத்தோடு சண்டையையும் கப்பலில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

அன்று தொடங்கியதுதான். இன்றைக்கும் சல்சா ஆடுகிறவர்களில் ஒரு கூட்டம் வட்டமாகச் சுற்றுகிறது, ஒரு கூட்டம் கோட்டில் நின்று ஒன்றில் கால் வீசுகிறது, இன்னொரு கூட்டம் இரண்டில் வீசுகிறது, மூன்று கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் நான்காம் தட்டு வந்ததும் அத்தனை பேர் காலும் சும்மா நிற்கிறது, எதைக் கேட்பதற்காக நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாமல்.