போணி ஆகாமல் போக வேண்டிய கதாநாயகி

கடைகளை வைத்துப் படம் எடுத்தவர்கள் கடைச் சிப்பந்திகளாகிய எங்களுக்கு இழைத்த அநீதிகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் வேகம் குறைந்துவிடும்.

முதல் அநீதி, மளிகைக்கடைப் படம். கதாநாயகன் பாட்டுப் பாடிக்கொண்டே துவரம்பருப்பு நிறுத்தான். பாட்டு முடிவதற்குள் கடை அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. பின்னால் மூட்டை சுமந்தவர்களின் முதுகை மட்டும்தான் காட்டினார்கள்.

இரண்டாவது, ஜவுளிக்கடைப் படம். வில்லனும் கதாநாயகனும் அடித்துக்கொண்டதில் அலமாரிச் சேலை அத்தனையும் தரைக்கு வந்தது. அடுத்த காட்சியில் கல்யாணம். சேலைகளை மடித்து வைத்தது யார்? இதைத் துண்டறிக்கையாக அச்சிட்டுத் தியேட்டர் வாசலில் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

மூன்றாவது, நகைக்கடைத் தொடர். வாரம் ஒரு வளையல் காணாமல் போகும். வாரம் ஒருமுறை விற்பனையாளர் மேல் சந்தேகம் வரும். வளையல் கிடைத்ததும் எல்லாரும் முதலாளியைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்டபடி நின்ற விற்பனையாளரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான்காவது, எங்கள் ஊர் ஆலங்குறிச்சிக்கே வந்தது. இதில் யார் யாருக்கு அநீதி செய்தார்கள் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

'எதிர்க்கடை' என்று ஒரு டிவி தொடர். கதையை டைரக்டரே சொன்னார். ஒரு பெண் காலையில் முதல் ஆளாக ஜவுளிக்கடைக்கு வருகிறாள். சேலை பார்க்கிறாள், விலை அதிகம் என்கிறாள். "வாங்க வக்கில்லைன்னா வெளியே போம்மா" என்று விற்பனையாளர் அவமானப்படுத்துகிறார். அவள் அழுதுகொண்டே வெளியேறி, நேர் எதிரில் ஒரு கடை திறந்து பழி வாங்குகிறாள். பழி வாங்கி முடிக்க மூன்று வருஷம் ஆகும் என்று டிவிக்காரர்களோடு ஒப்பந்தம்.

எங்கள் வடிவாம்பிகை ஜவுளி ஸ்டோரை வாடகைக்குக் கொடுத்துவிட்டு முதலாளி திருப்பதி போய்விட்டார். சிப்பந்திகள் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் கோரிக்கை வைத்தேன்: எங்களில் ஒருவர் பெயராவது திரையில் வர வேண்டும்.

"அவ்வளவுதானா?" என்றார் டைரக்டர். "வெளியே போம்மாங்கிற வசனத்தை உங்க ஆளே பேசட்டும். பேரு டைட்டில்ல வரும்."

சங்கம் கூடி மாசானத்தைத் தேர்ந்தெடுத்தது. பட்டுப் பிரிவில் நின்றே தலை நரைத்தவர். கடைப் பலகையில் முதலாளியின் அப்பா பெயர், பையில் முதலாளி பெயர், காலண்டரில் முதலாளியின் பேரன் படம். மாசானத்தின் பெயர் அச்சில் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான். அதிலும் 'மாசாணி, பெண்' என்று போட்டிருந்தார்கள். இந்த ஒரு பெயரைப் பார்ப்பதற்காக அவர் மனைவி செல்லக்கனி தூத்துக்குடி வரைக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

முதல் நாள் டைரக்டர் எங்களைக் கூப்பிட்டு, "நாங்க இங்க இருக்கோம்னே நினைக்கக் கூடாது. எப்பவும் போல வேலையைப் பாருங்க" என்றார்.

சொன்னபடியே, அவர்கள் இருக்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. கேமரா இருந்த இடத்தை மாசானம் பெருக்கினார். லைட்டுக்காரரின் தோளில் சங்கத் தலைவர் கோமதிநாயகம் வேட்டிகளை அடுக்கினார். டைரக்டர் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை.

"ஏன்வே, நிறுத்தச் சொல்லுதாரே" என்றார் மாசானம், மெதுவாக.

"யாரு?" என்றார் கோமதிநாயகம்.

"டைரக்டரு."

"அவருதான் இங்க இல்லையே. இல்லாத ஆளு சொல்லுததை எப்படிக் கேக்கது?"

"அப்ப என் காதுல விழுதே?"

"விழட்டும். நீரு கண்டுக்கிடாதீரும். பேரு வரணுமா வேண்டாமா?"

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை சாத்துவது வழக்கம். உள்ளே யாரும் இல்லை என்பதால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போனோம். சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, திரும்பி வந்து திறந்தபோது டைரக்டர் பட்டுச்சேலைக் கட்டின் மேல் தலைவைத்துப் படுத்திருந்தார். மாசானம் அவரைக் கண்டுகொள்ளாமல் தலைக்கு அடியிலிருந்த சேலையை உருவி அலமாரியில் வைத்தார்.

அன்று சாயந்திரம் டைரக்டர், "இனிமே நாங்க இருக்கோம். நல்லா நினைவு வச்சுக்கோங்க" என்றார். பிறகு, "நாளைக்கும் இதே காட்சிதான். இன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ஒரு நூல் மாறக் கூடாது" என்றார்.

மறுநாள் யாரும் குளிக்கவில்லை. சட்டையை மாற்றவில்லை. கோமதிநாயகம் முந்தின நாள் பாதி கடித்த வடையைப் பத்திரமாக எடுத்து வந்து அதே கையில் பிடித்துக்கொண்டார். பில் போடும் பிச்சம்மாள் கிழித்துப் போட்ட காலண்டர் தாளைத் தேடிப் பிடித்துப் பசை தடவி ஒட்டினார்.

"நேத்து வேட்டி எடுக்க வந்த பையன் இன்னைக்கு இல்லையே" என்றார் மாசானம்.

"அவனுக்கு இன்னைக்குத்தான கல்யாணம்" என்றார் பிச்சம்மாள்.

"கல்யாணம்னா? ஒரு நூல் மாறக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

நாங்கள் மண்டபத்துக்குப் போய் முறைப்படி எடுத்துச் சொன்னோம். மாப்பிள்ளை வந்துவிட்டான். மாப்பிள்ளை போன இடத்துக்குப் பெண் வீட்டாரும், அவர்களுக்குப் பின்னால் நாதஸ்வரக்காரரும் வந்தார்கள். டைரக்டர் கடைக்குள் நுழைந்தபோது கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணம் பட்டுப் பிரிவிலேயே நடந்து முடிந்தது.

மூன்றாம் நாள்தான் வசனம்.

கதாநாயகி வாசலில் தயாராக நின்றாள். டைரக்டர், "காலை நேரம். கடை இப்பதான் திறக்குது. இவங்கதான் முதல் ஆள்" என்றார். பிச்சம்மாள் உடனே சாம்பிராணி போட்டார். கதாநாயகி உள்ளே வந்து சேலையைப் பார்த்து, "இவ்வளவு விலையா? எனக்கு வேண்டாம்" என்றாள்.

மாசானம் வசனத்தைத் தொடங்கினார். "வாங்க வக்கில்லைன்னா... பிளவுஸ் துணி சும்மா தாரேம்மா, எடுத்துக்கோங்க" என்றார்.

டைரக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடி சாம்பிராணி. "வாங்க வக்கில்லைன்னா... ஓரம் அடிச்சுத் தாரேன், கட்டைப்பையும் தாரேன்."

டைரக்டர் மாசானத்தின் தோளைப் பிடித்தார். "என்னண்ணே பிரச்சினை?"

"போணி ஆகலையே சார். முதல் ஆளை வெறுங்கையோட அனுப்பினா அன்னைக்குப் பூரா ஈ ஓட்டணும்."

"அண்ணே, இது சும்மா நடிப்பு."

"சேலை நிஜம்தான சார்?"

சங்கத்தின் அவசரக் கூட்டம் சேலைக் கட்டுகளுக்கு நடுவே நடந்தது.

"காலையிலேயே ஒரு துண்டு வித்தாச்சே. போணி ஆயிட்டுல்லா?" என்று கேட்டேன் நான்.

"அது வேற காலை" என்றார் கோமதிநாயகம். "டைரக்டரு சொல்லுத ஒவ்வொரு தடவையும் ஒரு காலை. இப்பவே ரெண்டு நாள் போணி இல்லாம முடிஞ்சுபோச்சு."

"ஒரு வார்த்தை பேசிருங்கண்ணே" என்றார் பிச்சம்மாள். "பேரு வருமே. அண்ணி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க."

மாசானம் கையிலிருந்த சேலையை மடித்து வைத்தார். "பேரு வந்து, கடை போயிட்டா, அந்தப் பேரை எங்க நின்னு கேக்கது?" என்றார்.

அவர் போய்த் தன் இடத்தில் நின்றார். காலை மேல் காலையாக விடிந்தது. சாம்பிராணிப் புகையில் கேமராக்காரர் இருமினார். மாசானம் ஒவ்வொரு காலையும் கொஞ்சம் இறங்கினார். தள்ளுபடி தந்தார், கைக்குட்டை தந்தார், கலர் சோடா வாங்கித் தந்தார். கடைசியில், "பாதி விலைக்கு எடுத்துக்கோங்கம்மா, உங்க கையால போணி ஆகட்டும்" என்றார்.

கதாநாயகி சேலையைத் தடவிப் பார்த்தாள். முந்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதே மாதிரி பச்சையில இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

"சரி, பில் போடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே பையோடு வெளியேறினாள். டைரக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கிட்டாளே. இனி அவ எதுக்குய்யா எதிர்க்கடை திறக்கணும்? மூணு வருஷக் கதைய்யா."

கோமதிநாயகம் வடையை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "விடுங்க சார். மூணு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் பழி வாங்கி, ரெண்டு கடையும் நட்டப்பட்டு... நல்ல முடிவா அமைஞ்சுட்டுன்னு நினைச்சுக்கோங்க."

ஒளிபரப்பும் தேதியை டிவிக்காரர்கள் ஏற்கெனவே ஊரெல்லாம் சுவரொட்டியாக ஒட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்தக் காட்சியையே போட்டு, கதாநாயகி திருப்தியாக வீடு போய்ச் சேர்ந்தாள் என்று முற்றும் போடுவதாக முடிவாயிற்று.

நான் விடவில்லை. வசனம் மாறினாலும் பேசியது எங்கள் ஆள்தான், சொன்னபடி பெயர் வர வேண்டும் என்று ஷட்டர் முன் நின்றேன். பூட்டு என் கையில் இருந்தது. டைரக்டர் பூட்டைப் பார்த்தார்.

"போட்டுத் தொலைக்கிறேன். எல்லாரும் அவரை எப்படிக் கூப்பிடுவாங்களோ, அந்தப் பேரை எழுதிக் கொடுங்க" என்றார்.

"கவனிச்சீராவே?" என்றார் கோமதிநாயகம். "அப்பா அம்மா வச்ச பேரைக் கேக்கலை. எல்லாரும் கூப்பிடுததைக் கேக்காரு."

தீர விவாதித்து, உண்மையை மட்டும் எழுதி, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒளிபரப்பான சாயந்திரம் கடை வாசலில் டிவியை வைத்தோம். மளிகைக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை என்று கடைத்தெருச் சிப்பந்திகள் எல்லாரும் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். தூத்துக்குடிச் சொந்தக்காரர்கள் முன்வரிசையில். மொட்டைத் தலையோடு திரும்பியிருந்த முதலாளி ஒற்றை நாற்காலியில். அவரும் சின்ன வயதில் அவர் அப்பாவிடம் சிப்பந்தியாக நின்று சேலை எடுத்துப் போட்டவர்தான்.

தொடர் தொடங்கியது, முடிந்தது. எழுத்துகள் ஓடின. பில் படித்துப் பழகிய பிச்சம்மாள் சத்தமாகப் படித்தார்.

"விற்பனையாளராக நடித்தவர்... இந்தாப்பா."

"வந்துட்டேம்மா" என்று எழுந்தார் மாசானம். கூடவே கடைத்தெரு முழுக்க எழுந்தது. "வந்துட்டேம்மா, என்ன வேணும்?"

"என் பேரு எப்படி வந்துச்சு? நான் நடிக்கவே இல்லையே" என்றார் செருப்புக்கடை இசக்கிமுத்து.

"உம்ம பேரு இல்லவே, என் பேரு" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

செல்லக்கனி மாசானத்தின் கையைப் பிடித்து இழுத்தாள். "முதல்ல எந்திச்சது எங்க வீட்டுக்காரரு. நான் பார்த்தேன்."

செயலாளர் என்ற முறையில் நான் தீர்ப்புச் சொன்னேன். எல்லாரும் உட்கார வேண்டும். பெயரை மறுபடி படிக்க வேண்டும். யார் முதலில் எழுகிறாரோ அவருக்கே பெயர். எந்தக் கடையிலும் வேலை பார்க்காத செல்லக்கனியும் போஸ்ட்மேனும் சாட்சி.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிச்சம்மாள் படித்தார். எல்லாருக்கும் முன்னால் எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டேம்மா, பட்டா நூலா?" என்றவர் எங்கள் முதலாளி.

நாற்காலியில் இருந்தவர் சுலபமாக எழுந்துவிட்டார், இது செல்லாது என்று மாசானம் ஆட்சேபித்தார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. நாற்காலியை அகற்றினோம். முதலாளியைத் தரையில், மாசானத்துக்கும் இசக்கிமுத்துவுக்கும் நடுவில் உட்காரவைத்தோம். பிச்சம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிகள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நிறுத்தி நிதானமாக, மூன்றாம் முறை படித்தார்:

"இந்தாப்பா."