தவளை சாத்தாத கதவு

சடையனின் கால் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அவன் பாட்டுக்குக் காலை நீட்டி உட்கார்ந்து தினைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, என்ன சுடுறே? வாசனை தூக்குது!”

மாதி திரும்பிப் பார்த்தாள். “டேய் மடையா, அது உன் கால்டா!”

இது அந்தக் காலத்தில் நடந்தது. அணில் பேசும், நத்தை பேசும், தவளை நிறுத்தாமல் பேசும். மனுசனின் உடம்பு மட்டும் வாயே திறக்காது. வெட்டினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அப்படிப் பார்க்காமல் விட்டே சடையன் இரண்டு கால்விரல்களைத் தொலைத்திருந்தான். அவன் வேலையோ, கொடியைப் பிடித்துப் பாறையில் இறங்கித் தேன் எடுப்பது. இன்னொரு விரல் போனால் பாறை அவனை நிற்க விடாது. நேராகப் பள்ளம்தான்.

மாதி காட்டுக்குள் போய் நின்று கத்தினாள். “இவன் கால்ல என்ன நடந்தாலும் தலைக்கு வந்து சொல்லணும். யாரு வர்றீங்க?”

“நான்! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடுவேன்” என்றது அணில்.

நத்தையும் கொம்பைத் தூக்கியது. சடையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நீ வந்து சேர்றதுக்குள்ள புண்ணே ஆறிடும்.”

“அணில் சொல்லிட்டு ஓடிடும். நீயும் காலை உதறிட்டு மறுபடி பாறைக்குப் போயிடுவே. நான் வந்தா லேசுல போகமாட்டேன். உட்கார்ந்துக்குவேன். அப்பதான் நீ சும்மா கிடப்பே, காலும் ஆறும்.”

சடையன் சிரிப்பை நிறுத்தினான். நத்தை சொன்னதில் தப்பே இல்லை.

அணிலும் நத்தையும் காலிலிருந்து தலைக்குப் போகிற வழியில், சடையனின் முதுகுத்தண்டில் குறுகலாக ஒரு கதவு வைத்தார்கள். தவளைதான் காவல்.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், தேன்குடுவையோடு ஓடிவந்த சடையன், வெட்டிவிட்ட மூங்கில் முளைமேல் காலை வைத்துவிட்டான். அணில் பாய்ந்தது. “ஐயோ!” உலகத்தின் முதல் ஐயோ அதுதான். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். விரல் பிழைத்தது.

“இவ்வளவுதானா?” என்று எழுந்தான். அப்போதுதான் நத்தை வந்து சேர்ந்தது.

அழுதான். வெட்கமே இல்லாமல் அழுதான். மாதி அவன் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்தாள், ஊதினாள், மறுபடி தேய்த்தாள். ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு குருவியாகிக் கதவுக்குப் பறந்தது. அந்தக் குறுகல் வாசலில் அத்தனை குருவிகளும் நெருக்கியடித்ததில் நத்தை வெளியே தள்ளப்பட்டது.

“கொஞ்சம் வழி விடுங்க!” என்று கத்தியது. யார் கேட்டார்கள்?

சடையனின் அழுகை நின்றது. தவளைக்கு வாயெல்லாம் பல். அதன் வாசலில் இதுவரை இப்படி ஒரு கும்மாளம் நடந்ததில்லை. புண் ஆறும்வரை தினமும் மாதி தேய்த்தாள், தினமும் குருவிகள் வந்தன.

பிறகு மாதிக்குக் கல்யாணம் ஆனது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலை. புறப்படும்போது தவளையிடம் சொன்னாள்.

“புண்ணு ஆறிடுச்சு. இனி அந்த நத்தை வந்தா விடாதே, கதவைச் சாத்திடு. தேய்ச்சு விட நான் இருக்கமாட்டேன்.”

தவளை தலையாட்டியது.

அடுத்த மழை இருட்டியது. குடிசையில் சத்தமே இல்லை. நத்தை மெதுவாக ஏறி வந்தது. தவளை நகர்ந்து வழி விட்டது.

சடையன் ஆறிப்போன காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “டேய் தவளை! அக்கா சாத்தச் சொன்னாள்ல?”

“சாத்திட்டா குருவிங்க எப்படி வரும்?”

அவன் கை தானாகப் போய்ப் பாதத்தைத் தேய்த்தது. இரண்டு மூன்று குருவிகள் வந்தன. அவள் அனுப்பியதுபோல் இல்லை. இருந்தாலும் வந்தன.

மழை இருட்டினால் என்றைக்கோ ஆறிய காயம் வலிப்பதும், கை அங்கே போய்த் தேய்ப்பதும் அன்று தொடங்கியதுதான். சாத்தச் சொல்லிவிட்டுத்தான் போனாள் மாதி. தவளை சாத்தவில்லை.