பாலை மரத்துத் தகரம்

"அம்மா, இந்தப் பாலை மரம் என் காலத்தோட முடிஞ்சிரும் போலிருக்கு."

சொன்னவர் சீடர் தவசிமுத்து. தாடியெல்லாம் நரைத்தவர். குரு மங்கையம்மா அவரைவிட இருபது வயது இளையவர். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

அவர்கள் தங்கியிருந்த கல்மண்டபம், மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு கரட்டு மலையில் இருந்தது. உசில மரமும் காரை முள்ளும் வேண்டிய மட்டும் உண்டு. பாலை மட்டும் ஒன்றே ஒன்று. போன வருஷம் இடி விழுந்து அதுவும் பாதியாகிவிட்டது. ஒரு கன்றாவது வளர்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று தவசிமுத்து பிடிவாதமாக இருந்தார்.

"விதை போட்டீங்களா?"

"கூடை கூடையா போட்டேன். ஒண்ணுகூட முளைக்கல."

"பழம் நிறையக் கிடைக்குதோ?"

"இப்பத்தான் கிடைக்குது. மரநாய் ஏறாம அடிமரத்துல தகரம் சுத்திட்டேன். திருட்டுப்பய. பழத்தைப் பூரா தின்னுட்டு, நம்ம மண்டபத்து மேல வந்து விதை விதையா அசிங்கம் பண்ணிட்டுப் போவான்."

மங்கையம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதை யாரு கூட்டுவா?"

"வேற யாரு, நான்தான். கூட்டிப் பின்னாடி காரைப் புதருக்குள்ள தள்ளுவேன். தகரம் கட்டினதுலேருந்து அந்த வேலை மிச்சம்."

"அப்புறம் அந்தப் பக்கம் போய்ப் பாத்தீங்களா?"

"குப்பையில என்னம்மா இருக்கு பாக்க?"

மங்கையம்மா குடத்தைச் சாய்த்து ஒரு செம்பு தண்ணீர் எடுத்து நீட்டினார்.

"அங்க ஊத்திட்டு வாங்க."

கோடையில் குப்பைக்குத் தண்ணீரா என்று முணுமுணுத்துக்கொண்டே தவசிமுத்து போனார். புதருக்குள் எட்டவில்லை. தரையோடு படுத்துக் கையை நீட்டினார். முள் கிழித்தது.

ஆடு வாய் வைக்க முடியாத அந்த முள்ளுக்கடியில், விரல் உயரத்தில், ஏழெட்டுக் கன்றுகள். இலை நுனியில் சின்னப் பிளவு. ஓர் இலையைக் கிள்ளினார். பால் வடிந்தது. பாலையேதான்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் தண்ணீரை ஊற்றினார்.

திரும்பி வந்தவர் மங்கையம்மாவின் காலில் விழக் குனிந்தார்.

மங்கையம்மா காலை இழுத்துக்கொண்டார்.

"நான் என்ன செஞ்சேன்? கும்பிட வேண்டியவரு இருட்டினாத்தான் வருவாரு. அதுக்குள்ள போய்த் தகரத்தைக் கழட்டுங்க."