பயந்தவன் கையில் முட்டுக்கட்டை

முன்னொரு காலத்தில் குறும்பலா நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட ஓடினான் என்று சொன்னால் பொருத்தம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓரிடத்தில் நிற்கமாட்டான். சாப்பிட உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவான்.

அவனுக்கு நயினார் என்று ஒரு மந்திரி. அந்த மந்திரியைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் அரண்மனை அதிகாரி திருமலைக்கொழுந்தர். யாருக்கு என்ன குறை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார் மனுஷன்.

வருஷக்கணக்காக ஓடாமல் கிடந்த கோயில் தேரை அந்தப் பங்குனியில் ஓட்டியே தீரவேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்தது. கொழுந்தர் சும்மா இருப்பாரா?

"மகாராஜா, உதவாத ஆள்னு யாருமே இல்ல, வேலை வாங்கத் தெரியாத அதிகாரிதான் உண்டுன்னு நம்ம மந்திரி அடிக்கடி சொல்வாரே. அதைத் தேரோட்டத்துல காட்டட்டுமே! வடம் பிடிக்க ஊர் இருக்கு. மற்ற பொறுப்புக்கெல்லாம் நான் பொறுக்கித் தர்ற ஆளுங்களை வச்சு ஓட்டட்டும்."

"பலே! பொழுது சாயறதுக்குள்ள தேர் நிலைக்கு வந்து சேரணும். வராட்டி?"

"முத்திரை மோதிரத்தைக் கழற்றி வச்சுட்டு மந்திரி ஊரை விட்டுப் போகட்டும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். ஆனாலும் சபையில் சொன்ன சொல்லை விழுங்க முடியுமா? நயினார் தலையை ஆட்டிவைத்தார்.

கொழுந்தர் நாட்டையே சல்லடை போட்டுச் சலித்தார். அப்படி வந்து சேர்ந்த கூட்டத்தில் இரண்டு பேர் பேர்போனவர்கள். ஒருத்தி பூக்காரி உலகம்மை. அவள் வாயைத் திறந்தால் சந்தையே ஒதுங்கிக்கொள்ளும். இன்னொருவன் காவற்காரன் மாசானம். காவலுக்குப் போன இடத்தில் தன் நிழலைப் பார்த்தே அலறியவன்.

"ஏம்ப்பா, எதுக்கு இத்தனை பயம்?" என்று மாசானத்தைக் கேட்டார் நயினார்.

"எப்பவும் ஏதாவது கெட்டது நடந்துடுமோன்னு தோணிக்கிட்டே இருக்குய்யா. கதவைத் தாழ் போட்டாலும் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன்."

நயினார் முட்டுக்கட்டையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். அந்த மரக்கட்டையைச் சக்கரத்தடியில் செருகினால்தான் தேர் நிற்கும். ஒரு நொடி பிந்தினாலும் வடம் பிடிப்பவர்கள் மேலேயே ஏறிவிடும். ஊர் முழுக்கக் கைகொட்டிச் சிரித்தது.

தேரோட்ட நாளும் வந்தது. கூட்டத்தை விலக்க முன்னால் போன உலகம்மை வீதியைத் துடைத்துவைத்தாள். "ஏ மாப்பிள்ளை, தேர் பார்க்க வந்தியா, தேருக்கடியில படுக்க வந்தியா? தள்ளுய்யா அந்தாண்டை!" கூட்டம் சிரித்துக்கொண்டே விலகியது. அது சரி, மாசானம்தான் உயிரை வாங்கினான். நாலடி போனால் கட்டையைப் போடுவான், குனிந்து சக்கரத்தைத் தடவுவான், அண்ணாந்து கலசத்தைப் பார்ப்பான், அப்புறம்தான் எடுப்பான்.

"இது தேரா, நத்தையா?" என்று ராஜா முன்னும் பின்னும் நடந்தான். கொழுந்தர் விசிறிக்கொண்டே, "நான் பொறுக்கின ஆளு எப்படி மந்திரியாரே?" என்றார்.

வெயில் இறங்க இறங்க நயினார் விரலில் மோதிரத்தை உருட்டிக்கொண்டே நடந்தார். போயும் போயும் இவனை நம்பினேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

தெற்கு வீதி இறக்கத்தில் மறுபடியும் கட்டை விழுந்தது. இந்தத் தடவை மாசானம் அதை எடுக்கவே இல்லை.

"எடுடா கட்டையை!" என்று ராஜா கத்தினான்.

"மாட்டேன் மகாராஜா."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. "என் வாளைப் பார்த்தா உனக்குப் பயமில்லையா?"

"பயமாத்தான் இருக்கு மகாராஜா. ஆனா இந்தச் சக்கரத்தைப் பார்த்தா அதைவிடப் பயமா இருக்கு." மாசானம் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான்.

எடுத்துத் தொலையேன் என்று சொல்ல நயினாரும் வாயைத் திறந்துவிட்டார். நல்ல வேளை, சொல்வதற்குள் குனிந்து பார்த்தார். சக்கரத்தைக் கழலாமல் பிடித்திருக்கும் கடையாணி முக்கால்வாசி வெளியே வந்து தொங்கியது. அந்த இறக்கத்தில் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் சக்கரம் ஒரு பக்கம் போக, தேர் ஜனங்கள் மேல் சாய்ந்திருக்கும்.

ராஜாவும் குனிந்து பார்த்தான். முன்வடத்தில் நின்றது அவனுடைய ராணி. வாளிலிருந்து கை தானாக இறங்கியது.

கொல்லன் ஓடிவந்து ஆணியை அடித்து இறுக்கினான். அதற்குள் வெயில் கோபுர உச்சிக்கு ஏறிவிட்டது. "ஐயோ, பொழுது போச்சே! இழுங்க, இழுங்க!" என்று ராஜா மறுபடியும் தவித்தான்.

"மகாராஜா, உங்க பலம் கையிலயும் கால்லயும் இருக்கு. கத்துற வேலையை உலகம்மைகிட்ட விட்டுட்டு நீங்க வடத்தைப் பிடிங்க" என்றார் நயினார்.

சபையோர் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ராஜாவோ பகபகவென்று சிரித்துவிட்டு, அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டினான். ராஜாவே இழுக்கும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்? ஊரே வந்து வடத்தில் விழுந்தது. மாசானம் சரியான இடத்தில் கட்டையைப் போட்டுப் போட்டு எடுக்க, சூரியன் மறையும் முன்பே தேர் நிலைக்கு வந்து நின்றது.

ராஜா தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி மாசானத்துக்குப் போட்டான். அந்தக் காப்பு கழன்று விழுந்துவிடுமோ என்று உடனே இழுத்துப் பார்த்தான் மாசானம். ராஜா திரும்பினான். "கொழுந்தரே, மந்திரியை விரட்டப் பார்த்தீரே, இப்ப நீர் ஊரை விட்டுக் கிளம்பும்!"

"வேண்டாம் மகாராஜா" என்று நயினார் குறுக்கே வந்தார். "இத்தனை பெரிய நாட்டுல ரொம்பப் பயந்தவன் யாரு, ரொம்ப வாய் நீண்டவ யாருன்னு பிசகாம பொறுக்கி எடுத்தாரே, அந்தக் கண்ணு எனக்குக் கிடையாது. இனிமே ஆள் எடுக்கிற வேலையை அவர்கிட்டயே கொடுங்க. வேலை வாங்குறதை நான் பார்த்துக்கறேன்."

கொழுந்தரின் முகம் தொங்கிப்போயிற்று. நயினாருக்குக் கீழே வேலையா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அடுத்த பங்குனி வந்தபோது, கோயில் வாசலில் ஆள் எடுக்க உட்கார்ந்த அதே கொழுந்தர் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

"இந்த ஊர்லயே ரொம்பப் பயந்தவன் யாருய்யா? அவனை முதல்ல கூப்பிடு!"

அவர் புத்தி நிலைக்கு வந்தது, நம்ம கதையும் நிலைக்கு வந்தது.