பதினாலே முக்காலில் நின்ற முள்

கோயமுத்தூர் மில் முதலாளி ரங்கநாயகலு தன் பந்தயக் காரை வேறு யாரையும் தொட விடமாட்டார். ஸ்க்ரூ டிரைவர் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கின்றனவா என்று காட்டும் மீட்டரை மட்டும் மெக்கானிக் மரகதம் மாட்டினாள். ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலே முக்கால் பங்கு காற்று என்பதுதான் சரியான அளவு; எஞ்சினை ஓடவிட்டதும் முள் பதினேழுக்கு ஏறியது.

"பெட்ரோல் பத்தலைங்க. எஞ்சின் வெந்துரும்."

"என் ட்யூனிங்லயே குறையா? முள்ளு பதினாலே முக்காலை விட்டு அசையக் கூடாது. அசைஞ்சா உனக்கு இங்க வேலையில்லை!"

"அசையாதுங்க."

மறுநாள் பந்தய மைதானத்தில் முதலாளி நண்பர்களைக் கூட்டிவந்து மீட்டரைக் காட்டினார். "பாத்தீங்களா, கச்சிதமா நிக்குது!"

"ஏனுங்க, வண்டிய இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியே?" என்றார் ஒருவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நீங்க சொன்னபடி முள்ளை ஒட்டிட்டனுங்க," என்றாள் மரகதம். "பந்தயத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. எஞ்சினைத் தொட விட்டா, முள்ளை விட்டுடறனுங்க."

முதலாளி சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளிடம் நீட்டினார்.