பொந்துக்குள் பேசிய செம்போத்து

"உம்... உம்..." என்று இரண்டு முறை யாரோ செருமினார்கள். கண் திறக்காத குஞ்சாகக் கூட்டில் கிடந்தபோது செம்போத்து கேட்ட முதல் ஒலி அதுதான்.

செருமியது கிழட்டு ஆந்தை. மேட்டில் நின்ற பட்டுப்போன மருதமரம்தான் அதன் இடம். அது செருமியதும் காடு அடங்கிவிடும். மான்கள் அசைபோடுவதை நிறுத்தும். மந்திகள் பேன் பார்ப்பதை நிறுத்தும். எந்தத் துறையில் தண்ணீர் கிடக்கிறது, சிறுத்தை எந்தப் பக்கம் திரிகிறது, யாருடைய கன்று வழிதவறி நிற்கிறது என்று ஆந்தை ஒவ்வொன்றாகச் சொல்லும். பகல் விலங்குகள் படுக்கப்போகும் முன், இரவு விலங்குகள் புறப்படும் முன், அந்தியில் நடக்கும் அறிவிப்பு அது.

"பெரியவனானதும் நானும் அங்கே உட்கார்ந்து பேசுவேன்" என்றது குஞ்சு.

"முதல்ல கண்ணைத் திற" என்றது தாய்.

ஒரு மழைக்காலத்தில் ஆந்தை இறந்துபோனது. காட்டுக்குத் தலைவராக இருந்த பன்றி, செம்போத்தின் கனத்த குரலைக் கேட்டு அந்த வேலையை அதற்கே கொடுத்தார்.

முதல் நாள் மரத்துக்குப் போன செம்போத்து அங்கே ஒரு பெரிய பொந்தைக் கண்டது. தலையை உள்ளே விட்டு "ஊப்" என்றது. கோடை இடி உருண்டு வந்து காதில் விழுந்தது போல் இருந்தது. இத்தனை அழகான குரலா நமக்கு என்று அதற்கே மலைப்பாகிவிட்டது. அன்றிலிருந்து செம்போத்து தலையைப் பொந்துக்குள் விட்டுக்கொண்டுதான் அறிவிப்புச் செய்தது. சொன்ன சொல் ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு திரும்பி வந்து அதன் நெஞ்சிலேயே இறங்கியது.

ஆனால் யாரும் கேட்கவில்லை. அறிவிப்பு நடக்கும்போதே மந்திகள் பேன் பார்த்தன. முயல்கள் வளைக்குள் போயின.

பன்றித் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"பௌர்ணமி வரைக்கும் பார்ப்பேன். இப்படியே போனால் கிளியைத்தான் உட்கார வைக்கணும்."

"என்ன குறைங்க, ஐயா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ஆரம்பிச்சதும் நான் தூங்கிடறேன்."

குஞ்சாக இருந்ததிலிருந்து செம்போத்து வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. கூடு கட்டக்கூட ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை. யோசனை கேட்க மயிலிடம் போனது.

"நீ நிற்கிற நிலையே சரியில்லையே" என்றது மயில். "கழுத்தை நிமிர்த்து. வாலை விரி. அப்புறம் பேசு."

"அந்தி இருட்டில் என்னை யார் பார்க்கப்போறாங்க?"

"அதனால்தான் நான் அந்த வேலைக்கு வரலை."

அடுத்து நரியிடம் போனது. நரி யோசிக்கவே இல்லை.

"பயமுறுத்து தம்பி. பயந்தால்தான் காதைத் தீட்டுவாங்க."

அன்று மாலை செம்போத்து பொந்துக்குள் தலையை விட்டு, "காடு எரிகிறது! நாலு பக்கமும் நெருப்பு! எல்லாரும் ஓடுங்கள்!" என்று முழங்கியது. தலையை வெளியே எடுத்துப் பார்த்தது. ஒரு மான்கூட எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, நெருப்புன்னு சொல்லியும் ஒருத்தரும் அசையலையே" என்று மறுபடி நரியிடம் போய் நின்றது.

"அப்படின்னா இன்னும் பெரிய நெருப்பாச் சொல்லு."

செம்போத்துக்கு மனம் ஆறவில்லை. வற்றிப்போன குளத்தின் கரையில் படுத்திருந்த புள்ளிமானிடம் நேராகவே போய்க் கேட்டது.

"அக்கா, நேற்று என் குரல் எப்படி இருந்தது?"

"குரலுக்கு என்னப்பா. வெண்கல மணி மாதிரி இருந்துச்சு."

"உருக்கம் போதுமா? இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசட்டுமா?"

"இழுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்."

மான் நல்ல மாதிரி. யாரையும் நோகடிக்கத் தெரியாது. செம்போத்து அன்று இன்னும் ஆழமாகத் தலையை விட்டு, இன்னும் இழுத்துப் பேசியது.

பௌர்ணமி வந்தது. தலைவர் சொன்ன சொல் மாறவில்லை. அன்றைய அறிவிப்பைக் கிளி செய்யவேண்டும், பழைய அறிவிப்பாளர் குளக்கரையில் மற்றவர்களோடு உட்காரவேண்டும் என்று உத்தரவானது.

செம்போத்து அழுதுகொண்டு நிற்கவில்லை. அன்று காலை அது தெற்குத் துறைப் பக்கம் பறந்தபோது, நாணலுக்குள் சிறுத்தை படுத்திருந்ததைப் பார்த்திருந்தது. அதைக் கிளியிடம் சொல்லி, "இதைத்தான் முதலில் சொல்லணும்" என்றது. "எனக்குத் தெரியும்" என்றது கிளி.

அந்தி சாய்ந்தது. செம்போத்து ஒரு முயலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அறிவிப்பாளரான பிறகு அது கேட்பவர்கள் நடுவில் உட்கார்ந்தது அன்றுதான்.

கிளிக்கு எதையும் பிறரைப் பார்த்து அப்படியே செய்துதான் பழக்கம். செம்போத்து செய்ததைப் போலவே பொந்துக்குள் தலையை விட்டது. மேட்டிலிருந்து ஒரு சத்தம் இறங்கி வந்தது.

"ம்ம்ம்ம்... ங்ஙூம்ம்ம்..."

செம்போத்து கழுத்தை நீட்டியது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பானைக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல் இருந்தது.

"என்ன சொல்லுது அது?" என்று முயலைக் கேட்டது.

"நீ சொல்ற மாதிரியேதான் சொல்லுது."

"நான் இப்படியா பேசினேன்?"

"இதைவிடக் கொஞ்சம் கனமா இருக்கும். கேட்க இதமாத்தான் இருக்கும், தூக்கம் நல்லா வரும். ஆந்தைத் தாத்தா வெளியே கிளையில உட்கார்ந்து பேசுவாரு. அவரு சொன்னது புரியும்."

"ஒரு சொல்கூடப் புரியலைன்னு ஏன் யாருமே என்கிட்டே சொல்லலை?"

"நீ குரல் எப்படி இருக்குன்னு கேட்டே. நல்லா இருக்குன்னு சொன்னோம். என்ன காதில் விழுந்ததுன்னு நீ எப்போ கேட்டே?"

செம்போத்து மேட்டிலிருந்த பொந்தைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்குத் தாகமா இருக்கு. வரட்டுமா?" என்றது முயல்.

"ம்" என்றது செம்போத்து. அது தன் குரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தது. நெருப்பு என்று கத்தியதை, இழுத்து இழுத்துப் பேசியதை, நாணிக்கொண்டே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. மேட்டில் சத்தம் நின்றது. அறிவிப்பு முடிந்தது.

மான் தன் குட்டியை எழுப்பிக்கொண்டு தெற்கே நடந்தது. பின்னால் மந்தையும் எழுந்தது. அப்போதுதான் செம்போத்துக்கு உறைத்தது. சிறுத்தையைப் பற்றி யாருக்குமே தெரியாது.

மேட்டுக்குப் பறக்க நேரமில்லை. வழியில் கிடந்த கட்டைமேல் போய் உட்கார்ந்தது. மந்தையைப் பார்க்காமல் மானை மட்டும் பார்த்துச் சொன்னது.

"அக்கா, நில்லு. தெற்குத் துறைக்குப் போகாதே. நாணலுக்குள்ளே சிறுத்தை படுத்திருக்கு, காலையில என் கண்ணாலே பார்த்தேன். குட்டியைக் கூட்டிக்கிட்டு வடக்கே போ. அங்கேயும் தண்ணி இருக்கு."

மான் நின்றது. மந்தை நின்றது. தூரத்தில் இருந்த மந்திகள்கூடப் பேன் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பின. தன்னிடம்தான் சொல்கிறது என்று ஒவ்வொன்றும் நினைத்துக்கொண்டது. எல்லாம் வடக்கே திரும்பின.

பன்றித் தலைவர் தூங்கவில்லை. "நாளைக்கு நீயே மேலே போ" என்றார்.

அதன் பிறகு செம்போத்து வெளிக் கிளையில் உட்கார்ந்து, கூட்டத்தில் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசியது. வெளியில் அதன் குரல் மெலிந்துதான் ஒலித்தது. அந்தக் குரல் அதற்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. கிளி அந்தப் பொந்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது.

பேசுகிறவர் கேட்பவர் பக்கத்தில் ஒருநாளாவது உட்கார்ந்து பார்க்காவிட்டால், அவர் பேச்சு அவர் காதைத் தாண்டி எங்கும் போவதில்லை.

அன்று தாகத்துக்கு எழுந்து போன முயல் தெற்குத் துறையிலிருந்து திரும்பி வரவில்லை.